பதினொன்றாவது சீசா

பதினொன்றாவது சீசாவுக்கு நான் பெயர் எழுதவில்லை. எழுதச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். அறுபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்குக் கூப்பிட்டு எழுதச் சொன்னாலும் மாட்டேன் என்றுதான் சொல்வேன். கடைசிப் பக்கத்தில் நான் மனம் மாறி, பெரியவர்கள் செய்ததிலும் ஒரு நியாயம் இருந்தது என்று முடிப்பேன் என எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்கு வயது எண்பத்தொன்று. அடையாறில் இரண்டாவது மாடியில் இருக்கிறேன். தெருவிலிருந்து முப்பத்தெட்டுப் படிகள். போன வாரம் மருந்துக் கடைக்காரர் ஒரு மாத்திரை அட்டையை நீட்டி, "அதே மருந்துதான் சார், கம்பெனிதான் வேற" என்றார். பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது, படியுங்கள் என்றேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். எனக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். ஏழாவது ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் அவர் படித்து முடித்தார். அதே மருந்துதான். ஆனால் அது படித்த பிறகு தெரிந்தது. அவர் சொன்னதால் தெரிந்ததல்ல. வீட்டில், "உங்களுக்கு எதிலுமே நம்பிக்கை கிடையாது" என்கிறார்கள். எதிலும் என்பது தப்பு. மேலே பெயர் ஒட்டிய பொருள்களில் மட்டும் கிடையாது. ஒட்டுகிற இடத்தில் நான் இருந்திருக்கிறேன்.

நாற்பத்து மூன்றாம் வருஷம், ஜனவரி. மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாவது பாரம் படித்துக்கொண்டிருந்தேன். அதுதான் கடைசி வகுப்பு. மார்ச்சில் சர்க்கார் பரீட்சை. யாரைப் பரீட்சைக்கு அனுப்புவது, யாரை நிறுத்திவைப்பது என்று தலைமையாசிரியர் ஒரு பட்டியல் போடுவார். செலக்‌ஷன் என்று அதற்குப் பெயர். பட்டியலில் இல்லாதவன் இன்னொரு வருஷம் அதே பெஞ்சில் உட்கார வேண்டும். எங்கள் வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். கணக்கிலும் ரசாயனத்திலும் நான் முதல் மூன்று பேரில் ஒருவன் என்பதால் செலக்‌ஷனைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை.

அதற்கு முந்தின ஏப்ரலில், ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பாதி ஊர் கிளம்பிப் போய்விட்டது. மந்தைவெளியில் எங்கள் தெருவில் முப்பத்தொரு வீடுகள். அவற்றில் பத்தொன்பது பூட்டிக் கிடந்தன. அப்பா தபாலாபீசில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்குகிற வேலையில் இருந்தார். ஊரில் ஆள் இல்லாவிட்டாலும் ஆளுக்குக் கடிதம் வந்துகொண்டுதான் இருந்தது. அதனால் நாங்கள் போகவில்லை. பள்ளிக்கூடத்தையும் மூடினார்கள். பிறகு திறந்தார்கள், லாபரட்டரியை மட்டும் திறக்கவில்லை. குண்டு விழுந்தால் நெருப்பை அணைக்க வேண்டிய மணல் வாளிகளை அந்த அறையில் அடுக்கிப் பூட்டியிருந்தார்கள். பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிற திங்கட்கிழமை வரப்போகிறார் என்று தெரிந்த பிறகுதான் வாளிகள் வெளியே வந்தன. ஒன்பது மாதம் பூட்டிக் கிடந்த அறை. உள்ளே அலமாரிகளில் சீசாக்கள் வரிசை குலையாமல் நின்றன. ஒன்றிலும் பெயர் இல்லை. கரப்பான்பூச்சிகள் லேபில்களைத் தின்றுவிட்டிருந்தன.

கரப்பான்மேல் மட்டும் பழி போட நான் தயாராக இல்லை. எங்களுக்கு முந்தின செட் வரை விஞ்ஞானம் இங்கிலீஷில் நடந்தது. எங்களிலிருந்து தமிழ். அதனால் பழைய இங்கிலீஷ் லேபில்களை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுத் தமிழில் எழுதி ஒட்டச் செய்தார் விஞ்ஞான ஆசிரியர். நல்ல காரியம்தான். ஆனால் லேபில் ஒட்டுகிற மைதாப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் காய்ச்ச வேண்டும். பைண்டு செய்கிற கடைகளில் இன்றும் அப்படித்தான். துத்தம் விஷம், பூச்சி கிட்டே வராது. யுத்த காலத்தில் துத்தம் கிடைக்கவில்லை. இருந்த கொஞ்சத்தை மாணவர்களின் செய்முறைப் பரீட்சைக்கு வேண்டும் என்று ஆசிரியர் பூட்டி வைத்துக்கொண்டார். அட்டெண்டர் வெறும் மைதாவைக் காய்ச்சி ஒட்டினார். பூச்சிகளுக்கு ஒன்பது மாதச் சாப்பாடு. பசையோடு பெயரும் போயிற்று.

அந்த ஆசிரியரை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். பார்முலா எழுதுவதை அவரைப் போல யாரும் சொல்லித் தந்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு அணுவுக்கும் இத்தனை கை என்பார். ஹைட்ரஜனுக்கு ஒரு கை, ஆக்ஸிஜனுக்கு இரண்டு, அலுமினியத்துக்கு மூன்று. எந்தக் கையும் சும்மா தொங்கக் கூடாது. எல்லாக் கையும் இன்னொரு கையைப் பிடித்திருந்தால் பார்முலா சரி. எண்ணத் தெரிந்தவனுக்கு ரசாயனத்தில் பயம் இல்லை என்பார். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. பெயர்களில்தான் குழப்பம். ஒரே பொருளுக்குப் புத்தகத்தில் ஒரு பெயர், சர்க்கார் வெளியிட்ட சொற்பட்டியலில் ஒரு பெயர், நாட்டு மருந்துக் கடையில் ஒரு பெயர். நவச்சாரம் என்றாலும் அமோனியம் குளோரைடு என்றாலும் எழுதும்போது NH₄Cl. பெயர் யார் வேண்டுமானாலும் வைக்கலாம். பார்முலாவை எண்ணித்தான் வைக்க முடியும். பதினாறு வயதில் இதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். என் கையெழுத்து குண்டாக, நிறுத்தி நிறுத்தி இருக்கும். லேபில் எழுத அதுதான் தோது.

நிறமுள்ள உப்புகளில் சிக்கல் இல்லை. நீலமாக இருந்தால் துத்தம், பச்சையாக இருந்தால் அன்னபேதி. கண்ணால் பார்த்தே எழுதிவிட்டோம். வெள்ளை உப்புகளுக்கு மட்டும் தனி அலமாரி. அதில் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை. ஆசிரியர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். இருப்புப் புத்தகத்தில் வெள்ளை உப்புகளுக்கும் தனிப் பக்கம், எல்லாம் இங்கிலீஷ் அகரவரிசையில் இருக்கும். அலமாரியிலும் அதே வரிசை. புத்தகத்தில் முதல் பெயர் முதல் சீசாவுக்கு, இரண்டாவது பெயர் இரண்டாவது சீசாவுக்கு.

"வரிசை மாறியிருக்காதே?" என்று அட்டெண்டரைக் கேட்டார்.

அட்டெண்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மந்தைவெளியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர். இடுப்பில் எப்போதும் வெற்றிலைப் பெட்டி. "இன்னா சாமி இப்டி கேக்கிறீங்க. தூசி தட்டச் சொல்ல ஒண்ணு எடுத்து, தட்டி, அதே எடத்துல வெச்சுட்டுத்தான் அடுத்தது. என் வரிசை தப்பாது" என்றார். அது உண்மை. அவர் வரிசை கடைசிவரை தப்பவில்லை.

ஆசிரியர் படிப்பார், அட்டெண்டர் சீசாவை எடுத்துக் கொடுப்பார், நான் எழுதி ஒட்டுவேன். முதல் பெயர் ஆலம், அதாவது படிகாரம். அதைப் படிக்கும்போது ஆசிரியர் ஒரு நிமிஷம் நிறுத்தினார் என்று எனக்கு நினைவு. பின்னால் நானே சேர்த்துக்கொண்ட நினைவாகவும் இருக்கலாம். படிகாரம் கட்டியாக அல்லவா இருக்கும், இது பொடியாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. பொடித்து வைத்திருப்பார்கள் என்று எழுதி ஒட்டினேன்.

ஏழாவது சீசா சுண்ணாம்புக் கட்டி, கால்சியம் கார்பனேட், CaCO₃. கரும்பலகையில் எழுதுகிற சாக்கட்டியின் தூள். சீசாவைச் சாய்த்தேன். உள்ளே இருந்தது ஈரமாகச் சொதசொதவென்று நகர்ந்தது.

"சார், சாக்கட்டி ஈரமா இருக்கு."

"கடக்காத்து. மயிலாப்பூர்ல கல்லே வேர்க்கும். எழுதுடா."

எழுதினேன். எட்டாவது கால்சியம் குளோரைடு. காற்றிலிருக்கும் ஈரத்தை எல்லாம் குடித்துத் தண்ணீராகிவிடும் என்று அவரே சொல்லித் தந்த உப்பு. சீசாவில் காய்ந்த பொடி இருந்தது. அதையும் எழுதினேன். ஒன்பதையும் எழுதினேன். பத்தாவது லெட் நைட்ரேட். ஈயம் கலந்தது, கனமாக இருக்க வேண்டும். அட்டெண்டர் கொடுத்ததை வாங்கியபோது கை மேலே எழும்பியது. அவ்வளவு லேசு. அப்போதும் எழுதினேன். இந்தப் பத்தையும் நான் எழுதினேன் என்பதை ஒளிக்கவில்லை.

"பதினொண்ணு. மெக்னீஷியம் சல்பேட். மேலே பேதி உப்புன்னு பெரிசா எழுது. ஹெட்மாஸ்டர் சமாச்சாரம்" என்றார் ஆசிரியர்.

அது ஒரு வழக்கம். தலைமையாசிரியர் மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை விடியற்காலையில் பேதிக்குச் சாப்பிடுவார். முந்தின நாள் நாலு மணி மணி அடித்ததும், லாபரட்டரி சீசாவிலிருந்து இரண்டு கரண்டி பேதி உப்பைப் பொட்டலம் கட்டி அட்டெண்டர் அவர் மேஜையில் கொண்டுபோய் வைப்பார். மருந்துக் கடை உப்பில் கலப்படம், லாபரட்டரி உப்பு சுத்தம் என்பது அவர் கொள்கை. லாபரட்டரி பூட்டியிருந்த ஒன்பது மாதமும் அவருக்கு வயிறு சரியில்லை என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை.

அட்டெண்டர் பதினொன்றாவது சீசாவைக் கொடுத்தார். என் கை கீழே இறங்கியது. பத்தாவது சீசாவும் இதுவும் ஒரே அளவு, இரண்டிலும் முக்கால் உயரம் சரக்கு. ஈயம் லேசாகவும் பேதி உப்பு கனமாகவும் இருந்தது.

பேனாவைக் கீழே வைத்தேன்.

"என்ன, மை தீந்துபோச்சா?"

"இதுக்கு எழுத முடியாது சார். இது பேதி உப்பு இல்லை."

"பின்னே என்ன?"

"தெரியாது சார்."

"என்னன்னே தெரியாதாம், இல்லைன்னு மட்டும் தெரியுமாம். நோக்கு ஜோசியம் வேற வருமோ?"

நான் பார்முலாவைச் சொன்னேன். MgSO₄·7H₂O. மொத்தம் இருபத்தேழு அணுக்கள், அவற்றில் இருபத்தொன்று வெறும் தண்ணீர். இதில் இவ்வளவு கனத்துக்கு எங்கே சார் இடம் என்று கேட்டேன். நான் அலமாரியைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். செய்யாதது என் தப்பு. ஒட்டியவை பத்து, கையில் ஒன்று, அலமாரியில் பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன்.

"சார், சீசா இருபத்து மூணுதான் இருக்கு. புஸ்தகத்துல இருபத்து நாலு."

"கடைசிப் பேர் ஜிங்க் சல்பேட், வெள்ளைத்துத்தம். அது தீந்துபோயிருக்கும்."

"தீந்தா காலி சீசா எங்கே சார்? காலியா இருந்தாலும் சீசா சீசாதானே?"

அட்டெண்டர் வாயிலிருந்த வெற்றிலையைச் சன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு வந்தார்.

"எங்கயோ நடுவுல ஒண்ணு போயிருக்கு சார். எது போச்சோ, அதுக்கப்புறம் எல்லாப் பேரும் ஒண்ணு தள்ளி ஒட்டறோம். கொஞ்சம் காஸ்டிக் சோடா விட்டுப் பார்த்தா தெரிஞ்சுடும்."

"இருக்கிற காஸ்டிக் சோடா திங்கக்கிழமை இன்ஸ்பெக்டர் எதிர்ல பண்ணிக் காட்டறதுக்கே பத்தாது. நீ சந்தேகப்படறதுக்கெல்லாம் கரைச்சுண்டிருந்தா அவர் வந்து காலி சீசாவைத்தான் பார்ப்பார். எழுதறியா இல்லையா?"

"எழுத மாட்டேன் சார்."

மாட்டேன் என்ற சொல்லை அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியரிடம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. ஆசிரியர் என் பேனாவை எடுத்தார், தானே எழுதினார், தானே பசை தடவி ஒட்டினார். மிச்சப் பன்னிரண்டையும் அவரே முடித்தார். "அதிகப்பிரசங்கி. வா ஹெட்மாஸ்டர்கிட்ட" என்று அழைத்துப் போனார்.

தலைமையாசிரியர் அறையில் அவருடைய மேஜைக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன், பக்கத்தில் ஆசிரியர். தலைமையாசிரியர் உரக்கப் பேசாதவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "ஏம்பா, வாத்தியார் உனக்குப் பாடம் சொல்லித் தராரா, நீ வாத்தியாருக்குச் சொல்லித் தரியா?" என்றார். அப்போது நாலு மணி மணி அடித்தது. அடித்துக் கொஞ்ச நேரத்தில் அட்டெண்டர் வந்து, ஒரு வெள்ளைப் பொட்டலத்தை மைக்கூட்டின் பக்கத்தில் வைத்தார்.

"நைனா, எந்த சீசாவிலேர்ந்து எடுத்தீங்க?" என்று கேட்டேன். அவரைத் தெருவில் அப்படித்தான் கூப்பிடுவேன். அந்த அறையில் கூப்பிட்டிருக்கக் கூடாது.

"பேதி உப்புதான். வாத்தியார் ஒட்டினாரே, பதினொண்ணு."

"சார், அதைச் சாப்பிடாதீங்க."

தலைமையாசிரியர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பதினாறு வருஷமா சாப்பிடறேன்."

"இந்த சீசாவிலேர்ந்து சாப்பிட்டதில்லை சார். கொஞ்சம் தண்ணியில போட்டு, சுண்ணாம்பு விட்டுப் பார்க்கணும். பேதி உப்பா இருந்தா வெள்ளையாவே இருக்கும். மஞ்சளானா பாதரசம், புஸ்தகத்துல அடுத்த பேர் அதுதான்."

"சார், இவன் பேச்சை..." என்று ஆசிரியர் ஆரம்பித்தார். தலைமையாசிரியர் கையைத் தூக்கி நிறுத்தினார். அவருக்கு என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மறுநாள் அது போகப் போவது அவருடைய வயிற்றுக்குள்.

"சுண்ணாம்புக்கு எங்கே போறது?" என்றார்.

நான் அட்டெண்டரின் இடுப்பைப் பார்த்தேன். அவர் ஆசிரியரைப் பார்த்தார், தலைமையாசிரியரைப் பார்த்தார். வேலை போனால் வேறு வேலை கிடைக்காத வயது அவருக்கு. அது எனக்கு இப்போது புரிகிற அளவு அப்போது புரியவில்லை.

"பொட்டலம் கட்டச் சொல்லவே இம்மாங் கனம் கீதேன்னு நானும் நெனச்சேன்" என்று சொல்லிக்கொண்டே வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

மேஜையிலிருந்த கண்ணாடித் தம்ளரில் பாதித் தண்ணீர் இருந்தது. பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை போட்டுப் பேனாக் கட்டையால் கலக்கினேன். வெற்றிலைச் சுண்ணாம்பில் ஒரு சுண்டைக்காய் அளவை மூடியில் கரைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் மெல்ல விட்டேன். முதலில் செங்கல் தூள் போல ஒரு நிறம் வந்தது. இன்னும் விட்டேன். மஞ்சள். சாமந்தி மஞ்சள். தம்ளர் முழுக்க அது இறங்கி அடியில் படிகிறவரை நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இது வீரம் சார்" என்றேன். நாட்டு மருந்துக் கடையில் அப்படித்தான் பெயர். புத்தகத்தில் மெர்க்யூரிக் குளோரைடு. HgCl₂, மூன்றே அணு. ஒரு கரண்டியில் கால்வாசி போனாலே ஆள் பிழைக்க மாட்டார். பொட்டலத்தில் இரண்டு கரண்டி இருந்தது. இருப்புப் புத்தகத்தில் மெக்னீஷியம் சல்பேட் பதினொன்று, மெர்க்யூரிக் குளோரைடு பன்னிரண்டு. ஒன்றே ஒன்றுதான் தள்ளிப் போயிருந்தது.

தலைமையாசிரியர் பொட்டலத்தை விரல் படாமல் பேனாவால் தள்ளினார். "எந்த சீசா காணோம்?" என்று அட்டெண்டரைக் கேட்டார்.

"படிகாரம் சாமி. மொத சீசா." அட்டெண்டர் தரையைப் பார்த்துச் சொன்னார். "போன சித்திரையில கெணத்துத் தண்ணி கலங்கலா கீதுன்னு வாத்தியார் ஊட்டுக்கு எடுத்துக்கினு போனாரு. சந்து தெரிஞ்சா கேள்வி வருமேன்னு நான்தான் மிச்சத்தை நெருக்கி வெச்சேன்."

ஆசிரியர், "ஆமாம், ஆத்துல இருக்கு" என்றார். "மறந்தே போயிடுத்து." அவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. கைகளை எண்ணக் கற்றுக்கொடுத்த மனிதர்.

இந்த இடத்தில் என்னைத் தட்டிக்கொடுத்திருப்பார்கள் என்று நினைப்பவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. தலைமையாசிரியர் தம்ளரை ஓரமாக வைக்கச் சொன்னார். எல்லாச் சீசாக்களையும் சோதித்து மறுபடி ஒட்டும்படி ஆசிரியரிடம் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"நீ சொன்னது சரியாப் போச்சு. ஆனா சொன்ன வேலையைச் செய்ய மாட்டேன்னு வாத்தியார் எதிர்ல பேனாவைக் கீழ வெச்சே பாரு, அது சரியில்லை. அதை விட்டா நாளைக்கு நாற்பது பேரும் வைப்பான். மன்னிப்புன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடு. ரெண்டு வரி போதும். செவ்வாய்க்கிழமை செலக்‌ஷன் பட்டியல் போடறேன்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. நாள்காட்டியைப் படிப்பது போலச் சொன்னார். செவ்வாய்க்கிழமை பட்டியல் போட அவருக்கு உயிர் இருக்கப் போவதே நான் பேனாவைக் கீழே வைத்ததால்தான். இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமை காலையில் யாரும் கூப்பிடாமலே லாபரட்டரிக்குப் போனேன். நான் ஒட்டிய பத்து லேபில்களையும் நானே எடுக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அட்டெண்டர் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். ஈரத் துணியைச் சுற்றி ஊறவைத்து, பழைய பிளேடால் சுரண்டினோம். ஆசிரியர் அறையின் அந்தக் கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒவ்வொரு உப்பாகச் சோதித்துப் பெயரை உரக்கச் சொன்னார். எனக்கு நேராகச் சொல்லவில்லை. பூட்டி வைத்திருந்த துத்தத்தில் ஒரு சிட்டிகை அன்றைக்குப் பசைக்கு வந்துவிட்டது.

"எழுதிக் குட்த்துட்டுப் போயேன் நைனா" என்றார் அட்டெண்டர் தணிந்த குரலில். "ரெண்டு வரி. அத்தோட உட்டுட்டா பேஜாரு இல்ல. ஒரு வருசம்னா சும்மாவா?"

"நான் பத்து தப்பு பண்ணேன். பத்து சீசாவுக்குத் தெரியாமலே பேர் எழுதினேன். அதுக்கு எழுதித் தரேன்."

"அத்த யாரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கலை. ஆனா தப்பு அதுதான்."

அவர் பிளேடைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். "கேட்டத்த குடுக்க மாட்டான், கேக்காதத்த குடுப்பான். உன்ன கட்டிக்கப் போறவ பாவம்" என்றார். அவர் சொன்னது பலித்தது என்று என் மனைவி ஐம்பத்திரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். முழுக்கக் கேட்டார். "ஒரு வருஷம்டா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "ஒரு வருஷம்" என்றார். அவருக்கு அது சின்ன விஷயமில்லை. எனக்குக் கீழே இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். எழுது என்றோ எழுதாதே என்றோ சொல்லவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது மட்டும், "விலாசம் தெரியாத கடுதாசிக்கு நாங்க விலாசம் போட மாட்டோம். தெரியலைன்னு எழுதித் திருப்பி அனுப்புவோம்" என்றார். அது சம்மதமா, தன் வேலையைப் பற்றிய பேச்சா என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். அலமாரியில் இருபத்து நாலு சீசாக்கள் இருந்தன. படிகாரம் வீடு திரும்பியிருந்தது. லேபில்கள் பளிச்சென்று இருப்பதாக அவர் பாராட்டினார் என்று பேசிக்கொண்டார்கள். அவர் போன பிறகு நான் என் கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். பத்து வரிகள், வரிக்கு ஒரு எண். ஒன்று, படிகாரம் என்று எழுதியது தப்பு, அது நவச்சாரம், NH₄Cl. ஏழு, சுண்ணாம்புக் கட்டி என்று எழுதியது தப்பு, அது கால்சியம் குளோரைடு, CaCl₂. ஈரமாக இருப்பதைப் பார்த்த பிறகும் எழுதினேன், ஆகையால் இது இரட்டைத் தப்பு. பத்து, லெட் நைட்ரேட் என்று எழுதியது தப்பு, அதுதான் பேதி உப்பு. இவற்றுக்கு என்னை மன்னிக்க வேண்டும்.

அவர் மெதுவாகப் படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"பதினொண்ணு எங்கே?"

"அதுல தப்பு இல்லை சார்."

"நான் கேட்டது அது ஒண்ணுதான்."

"தெரியும் சார்."

"நாளைக்குக் காலையில பட்டியல் போடறேன். இன்னும் நேரம் இருக்கு." கடிதத்தை மடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். மைக்கூட்டின் பக்கத்தில் எந்தப் பொட்டலமும் இல்லை.

அன்று சாயங்காலம் மயிலாப்பூர் கோயில் குளத்தை மூன்று முறை சுற்றினேன். பயமில்லாமல் இருந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு வரிதான். என் கையெழுத்தில் எட்டு வார்த்தை வரும். அந்த எட்டு வார்த்தைகளை மனதுக்குள் எழுதிக்கூடப் பார்த்தேன். எழுதிவிட்டால், பெயர் தெரியாத சீசாவுக்குப் பெயர் எழுத மறுத்தது குற்றம் என்று நானே ஒரு லேபில் எழுதி என்மேல் ஒட்டிக்கொண்டதாகும். அந்த லேபிலும் தப்பு லேபில்தான். பத்தோடு பதினொன்று.

செவ்வாய்க்கிழமை காலையில் பட்டியலை நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்தார்கள். என் பெயரைத் தேடவில்லை. எண்ணினேன். நாற்பத்திரண்டு.

அந்த ஜூனில் அப்பா என்னைத் தியாகராய நகரில் வேறொரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். மந்தைவெளியிலிருந்து நடந்து போக ஐம்பது நிமிஷம், வர ஐம்பது நிமிஷம். அதே பாடங்களை இன்னொரு முறை படித்தேன். நாற்பத்து நாலில் பாஸ் செய்தேன். ரசாயனத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அந்த நாலு எங்கே போயிற்று என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கூடப் படித்தவர்கள் எல்லாரும் எனக்கு ஒரு வருஷம் முன்னால் வேலைக்குப் போனார்கள், ஒரு வருஷம் முன்னால் சம்பள உயர்வு வாங்கினார்கள். அந்த ஒரு வருஷ வித்தியாசம் ரிட்டயர் ஆகிறவரை என் கூடவே வந்தது. நஷ்டம் இல்லை என்று நான் எங்கும் சொல்லவில்லை. வருத்தம் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

தலைமையாசிரியர் அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் இருந்தார். கச்சேரி ரோட்டில் இரண்டு முறை எதிரில் வந்திருக்கிறார். முதல் முறை என்னைத் தெரியாதது போலப் போனார். இரண்டாவது முறை நின்று, "எங்கே வேலை?" என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டு நடந்தார். கையில் குடை, நல்ல நடை. என்னுடைய ஒரு வருஷத்துக்கு அவருடைய பத்தொன்பது. இதில் யார் யாரை மன்னிக்க வேண்டும் என்று எண்ணத் தெரிந்தவர்கள் எண்ணிக்கொள்ளட்டும்.

அந்தக் கடிதத்துக்கு அன்றே ஒரு நகல் எடுத்து வைத்திருந்தேன். இரும்புப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. மை பழுப்பாகிவிட்டது, படிக்க முடிகிறது. போன மாதம் பேரன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, பத்தோடு ஏன் நிற்கிறது, அடுத்த தாள் தொலைந்துவிட்டதா என்று கேட்டான். தொலையவில்லை என்றேன். தாள் ஒன்றுதான். பத்து வரிதான்.